எட்டால் வகுக்க மறந்த இன்ஜினியர்

புயல் கரையைத் தொட இன்னும் ஐந்து மணி நேரம் இருப்பதாக வானொலி சொன்னது. மருத்துவமனையின் வேலை முடிய ஒரு மணி நேரம் போதும் என்று இன்ஜினியர் கராந்தோ சொன்னார். சமார் தீவின் கிழக்குக் கரையில் வானொலியை நம்பாதவர்கள் உண்டு. இன்ஜினியரை நம்பாதவர்கள் உண்டா என்று கேட்டால், சத்தமாகச் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை.

ஃபவுஸ்தீனோ கராந்தோ என்ற பெயருக்கு முன்னால் ‘இன்ஜினியர்’ சேர்க்காமல் கூப்பிட்டால் அவர் திரும்ப மாட்டார். ஞானஸ்நானத்தின்போது பாதிரியார் அந்தப் பட்டத்தோடு சேர்த்துத்தான் தண்ணீர் தெளித்தார் என்று துப்புரவுப் பெண்கள் பேசிக்கொள்வார்கள். போன வருடம் மருத்துவமனைக்குப் புதிய இணைய இணைப்பு வந்தபோது வாசலில் பதினாறடிக்கு ஒரு பேனர் கட்டினார். ‘நொடிக்கு நூறு மெகா’ என்று அதில் எழுதியிருந்தது. எழுத்தைவிட அவர் முகம் பெரிது. நூறு மெகா என்ன என்பதைப் பேனர் சொல்லவில்லை. நூறு மெகா கராந்தோ என்றுதான் பார்த்தவர்கள் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

படங்களைச் சேமித்து அனுப்பும் கணினி இயந்திர அறையைத் தரைத்தளத்தில், கடலைப் பார்த்த பக்கமாக, கண்ணாடிச் சுவர் வைத்துக் கட்டச் சொன்னவரும் அவரே. விளக்குகள் மினுக்குவதைக் கவர்னரின் ஆட்கள் பார்க்க வேண்டாமா? மாடியில் வைக்கலாமே என்று யாரோ கேட்டதற்கு, “கவர்னருக்கு முழங்கால் வலி” என்று பதில் வந்தது.

அந்த அறையில்தான் பகல் பன்னிரண்டரை மணிக்குப் பெர்லிட்டா தனியாக உட்கார்ந்திருந்தாள். ஸ்கேன் பிரிவில் கணினி வேலை. பதினோரு வருட அனுபவம்; ஆனால் வேலை ஆறு மாத ஒப்பந்தம். ஜூனிலும் டிசம்பரிலும் இன்ஜினியர் கையெழுத்துப் போட்டால் அடுத்த ஆறு மாதச் சோறு. கண்ணாடிக்கு வெளியே பலகை அடித்து மூடிவிட்டார்கள். பலகைக்குப் பின்னால் காற்று, கதவைத் திறக்கச் சொல்லி உறுமும் நாய்போல் உறுமியது. இயந்திரத்தின் தலையில் வைத்திருந்த குழந்தை ஏசு சிலை லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

திரையில் ஒரு பச்சைக் கோடு. அதன் பக்கத்தில் ஒரு எண். ஆறு சதவீதம்.

முந்தின நாளே இருபத்திரண்டு நோயாளிகளை வண்டியில் ஏற்றிப் பாலம் தாண்டித் தக்லோபானுக்குக் கொண்டுபோய், கடைசி விமானத்தில் செபு நகர மருத்துவமனைக்கு அனுப்பியாயிற்று. அத்தனை பேருக்கும் மண்டைக்குள்ளோ மார்புக்குள்ளோ ஏதோ ஒன்று. அவர்களில் ஒருத்தி பெர்லிட்டாவின் அக்கா, சோலெடாட் வில்லமோர். மூளைக்குள் ஒரு ரத்தக்குழாய் திராட்சைபோல் வீங்கி நிற்கிறது. எப்போது வெடிக்கும் என்று அதற்கே தெரியாது. இன்றைக்கு மாலை அறுவை சிகிச்சை. குழாய் எந்தப் பக்கம் எப்படி வளைந்திருக்கிறது என்ற படத்தைப் பார்க்காமல் மண்டையைத் திறக்க மாட்டேன் என்று செபு டாக்டர் சொல்லிவிட்டார். அங்கேயே இன்னொரு படம் எடுக்கலாமென்றால் அதற்கும் வழியில்லை. படத்துக்காக ஏற்றும் மருந்து சிறுநீரகத்தை அடிக்கும். சோலெடாடின் சிறுநீரகம் ஏற்கெனவே பாதி பழுது. ஒரு முறை ஏற்றியதே துணிச்சல்.

முந்தின நாள் வண்டி கிளம்பும்போது பெர்லிட்டா இருபத்திரண்டு பேரின் படங்களையும் ஒரு சின்ன டிஸ்கில் போட்டு நர்ஸிடம் கொடுக்கப் போனாள். இன்ஜினியர் வாசலில் நின்று அதை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“டிஸ்கத் தூக்கிட்டு அலையுறதெல்லாம் உங்க தாத்தா காலம், பெர்லிட்டா. நாம நூறு மெகாவ வச்சுட்டு எருமமாட்டு வண்டியில தபால் அனுப்புறதா? ஒம்பது வருஷப் படத்தையும் ஒரே பொதியா கட்டு. நாளைக்கு ஒரே மணி நேரத்துல செபுவுல இருக்கும். டைரக்டர்கிட்ட சொல்லிட்டேன்.”

ஒன்பது வருடப் படங்கள் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. குணமானவர்கள், செத்தவர்கள், விழுந்து மணிக்கட்டு ஒடித்த பழைய மேயர், எல்லோரும் அதில் இருந்தார்கள். ராத்திரி முழுவதும் இயந்திரம் பொதி கட்டியது. முந்நூற்றறுபது ஜிகாபைட். பகல் பன்னிரண்டு மணிக்கு இன்ஜினியரே விசையைத் தட்டிவிட்டு, “ஒரு மணிக்கு முடியும். ஒரு மணிக்கு ஃபோட்டோ” என்று சொல்லிச் சாப்பிடப் போனார். ஒரு பொதி போகும்போது வேறு எதையும் அந்த மென்பொருள் அனுப்பவிடாது. பொதி முழுதாகப் போய்ச் சேராவிட்டால் அந்தப் பக்கம் எதுவும் திறக்காது. தொண்ணூற்றொன்பது சதவீதம் போனாலும் குப்பைதான்.

மின்சாரத்தை இரண்டு மணிக்கு நிறுத்துவோம் என்று அறிவித்திருந்தார்கள்.

அரை மணி நேரத்தில் ஆறு. ஒரு மணி நேரத்தில் நூறு எப்படி வரும்?

பெர்லிட்டா ஒரு பழைய எக்ஸ்ரே உறையைத் திருப்பிப் போட்டுக் கணக்குப் போட்டாள். முந்நூற்றறுபது ஜிகாபைட் என்றால் மூன்று லட்சத்து அறுபதாயிரம் மெகாபைட். இன்ஜினியர் அதை நூறால் வகுத்திருக்கிறார். மூவாயிரத்து அறுநூறு நொடி. மிகச் சரியாக ஒரு மணி நேரம். கணக்கு அவ்வளவு லட்சணமாக வந்திருந்தது. லட்சணமாக வரும் கணக்கை யார் சரிபார்க்கிறார்கள்?

ஆனால் போன வாரம் அவள் அறுநூறு மெகாபைட் படம் ஒன்றை அனுப்பியிருந்தாள். அது போய்ச் சேருவதற்குள் ஒரு வாழைப்பழத்தை உரித்து முழுதாகத் தின்று தோலையும் எறிந்துவிட்டாள். இன்ஜினியர் கணக்குப்படி ஆறு நொடி ஆகியிருக்க வேண்டும். ஆறு நொடியில் வாழைப்பழம் தின்ன அவள் குரங்கில்லை. முக்கால் நிமிடத்துக்கு மேலேயே ஆகியிருக்கும்.

அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது. இணைப்பு விற்கிறவன் வேகத்தைப் பிட்டில் சொல்வான். எண் பெரிதாகத் தெரியுமே. படத்தைச் சேமிக்கும் பெட்டி செய்கிறவன் பைட்டில் சொல்வான். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். நொடிக்கு நூறு மெகாபிட் என்றால் பன்னிரண்டரை மெகாபைட். ஒரு மணி நேரத்தை எட்டால் பெருக்க வேண்டும். பொதி போய்ச் சேர ராத்திரி எட்டு மணி ஆகும். இரண்டு மணிக்கு மின்சாரம் போகும்போது கால்வாசிதான் போயிருக்கும். கால்வாசி பொதிக்கும் காலிப் பொதிக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

கைப்பேசி அதிர்ந்தது. அக்கா புருஷன். ‘படம் வந்துச்சான்னு டாக்டர் ரெண்டாவது தடவையா கேக்குறார்.’

அவள் எழுந்து மாடிக்கு ஓடினாள்.

கூட்ட அறைக்கதவு பாதி திறந்திருந்தது. டைரக்டர், கவர்னர் அலுவலகத்திலிருந்து வந்த ஒரு அம்மாள், இன்ஜினியர், இன்னும் நாலு பேர். எல்லோரும் பேரிடர்ப் பணி என்று முதுகில் எழுதிய புத்தம்புதிய ஆரஞ்சு அங்கி போட்டுப் பன்சித் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இன்ஜினியர் பேசிக்கொண்டிருந்தார். பேசும்போது குறுக்கே புகுவதில்லை. அதுவும் ஒரு பெரிய மனிதரை வெளியாள் முன்னால் திருத்துவதென்றால், அதைவிட அவர் கன்னத்தில் அறையலாம், மரியாதை கொஞ்சம் மிஞ்சும். அந்த ஊரில் பிள்ளைகள் பால்குடி மறக்கும் முன்பே இதைப் படித்துவிடுகிறார்கள். பெர்லிட்டா கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கூரைத் தகடு ஒன்று எங்கோ பிய்ந்து ‘டமார்’ என்றது. இன்ஜினியர் பேச்சை நிறுத்தவில்லை. அவளும் நகரவில்லை. சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு நிமிடம் போயிற்று.

ஒருவழியாக அவர் அவளைப் பார்த்தார். “என்ன, முடிஞ்சிருச்சா?”

“இல்ல சார். அது வந்து... கொஞ்சம் வெளிய வர முடியுமா சார்?”

“இங்கயே சொல்லு. நம்ம ஆளுங்கதான.”

“எட்டு சதவீதம்தான் போயிருக்கு சார். எனக்குத் தப்பாத் தெரியுதோ என்னமோ. அந்த நூறு... அது பிட்டுல இருக்குமோன்னு...”

மேசையைச் சுற்றிப் புன்னகை. கவர்னர் அலுவலக அம்மாள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். இன்ஜினியர் அந்த அம்மாளுக்காகக் குரலை இறக்கி, ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி வாத்தியார்போல் விளக்கினார்: “மேடம், பெரிய பைப்புல தண்ணி முதல்ல மெதுவாத்தான் வரும். அப்புறம் பாருங்க.” பிறகு பெர்லிட்டாவிடம் திரும்பினார். “நீ போய்க் காவல் இரு. எதையும் தொடாத. தொட்டா பொதி உடைஞ்சிரும். உடைஞ்சா யாரு பதில் சொல்றது? டிசம்பர்ல நான்தான கையெழுத்துப் போடணும்?”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டுப் படிக்கட்டு இறங்கினாள்.

கீழே காவலாளி எஸ்தேபன் இயந்திர அறை வாசலில் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது. பணி இல்லாத நாட்களில் சந்தையில் அரிசி விற்பவர். பொதுக்கிணறுபோல் யார் எதை வேண்டுமானாலும் அவரிடம் இறக்கி வைக்கலாம்.

“என்ன தங்கச்சி, மூஞ்சி வெளுத்துப் போயிருக்கு. புயல் மாடியிலயா அடிச்சுது?”

“அண்ணே, ஒண்ணு கேக்குறேன். ஒரு மூட்டையில நூறு கந்தா அரிசி இருக்கு. நிமிஷத்துக்கு நூறு அளந்து போடுவேன்னு ஒருத்தன் சொல்றான். எவ்ளோ நேரம் ஆகும்?”

“எந்த அளவையில அளக்குறான்?”

“அதச் சொல்லல.”

“அப்போ அவன் சின்ன அளவையில, சுப்பாவுலதான் அளப்பான்.” எஸ்தேபன் யோசிக்கக்கூட இல்லை. “எட்டு சுப்பா ஒரு கந்தா. எட்டு நிமிஷம் ஆகும். எண்ணிக்கையச் சொல்லி அளவைய முழுங்குறவன் பூரா சுப்பாக்காரன்தான். எங்க சந்தையில இத நாய்க்குட்டிகூட நம்பாதே. யாரு நம்புனது?”

“இன்ஜினியர்.”

எஸ்தேபன் மணல் மூட்டையை மெதுவாகக் கீழே வைத்தார். “ஆண்டவரே. அக்கா படம் அதுலயா இருக்கு?”

அவள் தலையாட்டினாள். பலகை இடுக்கு வழியாக அவர் வெளியே பார்த்தார். “கடல் மதில் ஏறிட்டுது தங்கச்சி. ரெண்டு மணி வரைக்கும் கரண்டு இருக்கும்னு என் பொண்டாட்டி சத்தியம் பண்ணாலும் நம்ப மாட்டேன். செய்யுறத இப்பவே செய்.”

உள்ளே போய் உட்கார்ந்தாள். திரையில் பதினொரு சதவீதம். அவள் கணக்கு தவறாக இருந்தால்? பெரிய குழாயில் தண்ணீர் உண்மையிலேயே பிறகு வேகமாக வருமென்றால்? நிறுத்தியபின் அவர் சொன்னதே சரி என்று தெரிந்தால், இருபத்திரண்டு பேரையும் கொன்றவள் ஆறு மாத ஒப்பந்தக்காரி பெர்லிட்டா. உறையில் மறுபடி வகுத்துப் பார்த்தாள். மறுபடியும் பன்னிரண்டரை. மூன்றாம் முறை வகுக்கும்போது விளக்கு ஒரு தரம் கண்ணை மூடித் திறந்தது.

நிறுத்தினாள். பச்சைக் கோடு பூச்சியம் ஆயிற்று. ஒன்பது வருடமும் பழைய மேயரின் மணிக்கட்டும் போயே போய்விட்டன.

இருபத்திரண்டு பேரின் புதிய படங்களை மட்டும் தனித்தனியாக வரிசையில் போட்டாள். மொத்தம் பதின்மூன்றரை ஜிகாபைட். பன்னிரண்டரையால் வகுத்தால் பதினெட்டு நிமிடம். மணி பன்னிரண்டு ஐம்பத்தேழு. வரிசை குடும்பப்பெயரின் ஆங்கில எழுத்துப்படி தானாக விழுந்தது. அபுயென், அல்காந்தாரா என்று தொடங்கி, வில்லமோர் இருபத்தொன்றாவது. கடைசி, ரொட்டிக்கடை யாப். வில்லமோரை இழுத்து முதலில் போட ஒரு விரலசைப்புப் போதும். விரல் அங்கேயே நின்றது. அபுயெனின் மனைவியை அவளுக்குத் தெரியும். அல்காந்தாராவின் மகள் வண்டி ஏறும்போது இவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. விரலை எடுத்துத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

ஒரு மணிக்கு அவர்கள் வந்தார்கள். ஆரஞ்சு அங்கிகள், கேமரா, முன்னால் இன்ஜினியர். “மேடம் இப்படி நில்லுங்க, திரையும் தெரியணும்” என்று சொல்லிக்கொண்டே திரையைப் பார்த்தார். திரையில் நான்காவது பெயர் ஓடிக்கொண்டிருந்தது.

“என் பொதி எங்க?”

“நிறுத்திட்டேன் சார்.”

இன்ஜினியர் திரைக்குக் கிட்டே வந்தார்.

“நிறுத்திட்டியா. யாரக் கேட்டு?”

“எட்டு மணி நேரம் ஆகும் சார். லைன் பிட்டு, படம் பைட்டு. எட்டால வகுக்கணும்.” குரல் அவளுடையதுபோலவே இல்லை. “நீங்க வகுக்கல.”

அவர் முகத்தில் ரத்தம் ஏறியது. கவர்னர் அலுவலக அம்மாள் கேமராக்காரரின் கையைத் தாழ்த்தினாள். “இன்ஜினியர், இந்தப் பொண்ணு சொல்றது சரியா?” என்று கேட்டாள். ஒரு மனிதரிடம் ஊர் முன்னால் கேட்கக்கூடாத கேள்வி அது. இன்ஜினியர் பெர்லிட்டாவின் மடியிலிருந்த எக்ஸ்ரே உறையை வாங்கிப் பார்த்தார். உதடு அசைந்தது. வகுக்கிறார். மூன்று லட்சத்து அறுபதாயிரம். பன்னிரண்டரை.

“டிஸ்க்கு” என்றார் மெல்ல. சட்டைப் பையைத் தொட்டார். இந்தச் சட்டையில் அது இல்லை. இருந்தும் பயனில்லை, பாலத்தை மூடி மூன்று மணி நேரம் ஆகிறது.

ஒரு மணி எட்டு நிமிடத்தில் மின்சாரம் போயிற்று. டைரக்டரும் அங்கிகளும் மாடியைப் பார்த்து ஓடினார்கள். இயந்திரத்தின் மாற்று மின்கலம் ‘பீப், பீப்’ என்று கத்த ஆரம்பித்தது.

“அது எவ்ளோ நேரம் தாங்கும் சார்?” என்று பெர்லிட்டா கேட்டாள்.

“அர மணி நேரம்னு...” இன்ஜினியர் நிறுத்திக்கொண்டார். “அர மணி நேரம்னு விக்கிறவன் சொன்னான்.”

“எந்த அளவையில?” என்றார் வாசலில் இருந்து எஸ்தேபன்.

பதினாலாவது பெயர். பதினைந்து. மணல் மூட்டைகளுக்கடியிலிருந்து தண்ணீர் நாக்கு நீட்டியது. பழுப்புத் தண்ணீர், டீசல் வாடை. பதினேழு. எஸ்தேபன் இன்னொரு மூட்டையை எறிந்தார். பத்தொன்பது. மின்கலம் பீப்பைச் சீக்கிரம் சீக்கிரமாக அடித்தது. பெர்லிட்டா ஜெபம் சொல்லத் தொடங்கி, சொற்கள் மறந்து, எண்களையே முணுமுணுத்தாள். இருபது. வில்லமோர் என்ற பெயர் பச்சையாக மாறி ஓடியது. நாற்பது சதவீதம். எழுபது. அங்கேயே நின்றது. பிறகு எண்பது, தொண்ணூறு, பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குறி.

யாப் பாதி தூரம் போனபோது திரை கறுத்தது. மணி ஒன்று பதினாலு. அறைக்குள் இருட்டு; கணுக்கால் அளவு தண்ணீர்.

மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து செபுவைப் பிடித்தாள். கைப்பேசியில் ஒரே ஒரு கோடு சிக்னல் இருந்தது. அந்தப் பக்கம் ஒரு நர்ஸ்.

“வில்லமோர் வந்துருச்சு. டாக்டர் பாத்துட்டு இருக்கார். நல்லாத் தெரியுதுங்கறார். யாப் மட்டும் தொறக்க மாட்டேங்குது.”

பெர்லிட்டா கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு நிமிடம் போதும் யாப்புக்கு. கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு பன்னிரண்டு நிமிடம் நின்றிருக்கிறாள்.

“இன்னிக்கு ஆபரேஷன் இருக்கே அவருக்கு?”

“அஞ்சு மணிக்கு. வலிப்பு நிக்கல, தள்ளிப்போட முடியாதுங்கறாங்க. எங்க ஸ்கேன் மெஷின்ல எட்டு பேர் காத்திருக்காங்க. ரிப்போர்ட் காகிதம் ஏதாவது இருக்கா? கட்டி எங்க, எவ்ளோன்னாவது சொல்லுங்க, எழுதிக்கிறேன்.”

காகிதம் இருந்தது. ஸ்கேன் பிரிவின் அலமாரியில், கீழ்த்தட்டில். எஸ்தேபன் முழங்கால் தண்ணீரில் போய் எடுத்து வந்தார். ஓரம் நனைந்திருந்தது. இருட்டில் எழுத்து தெரியவில்லை. பின்னாலிருந்து ஒரு டார்ச் எரிந்தது. இன்ஜினியர். ஆரஞ்சு அங்கியைக் காணோம். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

“மூளையில இடது பக்கம், முன் மடல்” என்று பெர்லிட்டா வாசித்தாள். “உள் ஆழம் இருபத்தி நாலு. அகலம் பதினெட்டு.”

“பதினெட்டு என்ன?” என்றார் இன்ஜினியர்.

“சார்?”

“பதினெட்டு என்னதுன்னு போட்டிருக்கா? மில்லிமீட்டரா, வேற ஏதாவதா?” அவர் குனிந்து, டார்ச்சைக் காகிதத்துக்கு நெருக்கமாகப் பிடித்தார். “சும்மா எண்ண மட்டும் சொல்லாத. பாத்துச் சொல்லு.”

அவள் நனைந்த ஓரத்தை விரலால் நீவிப் பார்த்தாள். “மில்லிமீட்டர் சார்.”

“ஆழமும்?”

“ஆழமும்.”

“அந்த நர்ஸம்மாவத் திருப்பிச் சொல்லச் சொல்லு” என்றார் அவர். “அளவையோட.”